கொச்சியில் இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது

எர்ணாகுளத்தில் ஒரு கல்யாணம், அதற்கு முன்னால் சனி, ஞாயிறு இரண்டு நாள் கையில் இருக்கிறது, வயதான அப்பா அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், கொச்சியில் பழைய கட்டடங்கள், அருங்காட்சியகங்கள் எதையெல்லாம் பார்க்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். "கோட்டையை எவ்வளவு நேரத்தில் சுற்றிப் பார்க்கலாம்?" என்றும் ஒரு வரி இருந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன். ஃபோர்ட் கொச்சியில் கோட்டை கிடையாது. போர்த்துகீசியர் 1503இல் கட்டிய கோட்டையை ஆங்கிலேயர்கள் 1806இல் தகர்த்துவிட்டார்கள். கடற்கரையோரம் கொஞ்சம் இடிந்த சுவரும் ஊரின் பெயரும்தான் மிச்சம். வேலூரையோ செஞ்சியையோ மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள்.

அப்படியானால் பார்க்க என்ன இருக்கிறது? இங்கே ஒருவர் கட்டியதை அடுத்து வந்தவர் எடுத்துத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார், அவரிடமிருந்து அதற்கடுத்தவர் எடுத்துக்கொண்டார். அந்த அடுக்குகளைத்தான் பார்க்க வேண்டும். ஒரே தேவாலயம் கத்தோலிக்கருடையதாக இருந்து, டச்சுச் சீர்திருத்தச் சபைக்குப் போய், பிறகு ஆங்கிலிகனாகி, இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனையை ஊரே டச்சு அரண்மனை என்கிறது. இது தெரிந்துவிட்டால் சின்னச் சின்ன கட்டடங்கள்கூட சுவாரசியமாகிவிடும். தெரியாவிட்டால் ஓடு போட்ட பழைய வீடுகளாகத்தான் கண்ணில் படும்.

இன்னொரு விஷயமும் உதவும். நாம் கொச்சி என்று சொல்வது பல ஊர்கள் சேர்ந்தது. ஃபோர்ட் கொச்சி வெள்ளைக்காரர்களின் ஊர். ஆங்கிலேயர் காலத்தில் அது சென்னை மாகாணத்தில் மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாக இருந்தது. ஒட்டினாற்போல் இருக்கும் மட்டாஞ்சேரி கொச்சி மகாராஜாவின் ஊர், வியாபாரிகளின் ஊர். நீருக்கு அந்தப் பக்கம் இருக்கும் எர்ணாகுளம் மகாராஜாவின் அரசாங்கம் நடந்த இடம். எல்லாம் ஒரே மாநகராட்சியானது 1967இல்தான். அதனால் ஒரு நாள் ஃபோர்ட் கொச்சி, ஒரு நாள் மட்டாஞ்சேரி என்று பிரித்துக்கொள்வதே சரி. உங்கள் கிழமைகளுக்கும் அது பொருந்தி வருகிறது. மட்டாஞ்சேரியில் யூதர்களின் ஜெப ஆலயம் சனிக்கிழமை கட்டாயம் மூடியிருக்கும், ஆகவே அந்தப் பக்கம் ஞாயிறு. ஃபோர்ட் கொச்சி தேவாலயங்களில் ஞாயிறு காலை ஆராதனை நடக்கும், சுற்றிப் பார்க்க முடியாது, ஆகவே அது சனிக்கிழமை.

சனிக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து கார் எடுக்காதீர்கள். பாலங்களில் நெரிசல் பிடிக்கும். அதைவிட முக்கியமான காரணம், துறைமுக நகரத்துக்குள் தண்ணீர் வழியாக நுழைவதுதான் முறை. ஹைகோர்ட் பக்கத்திலிருந்து வாட்டர் மெட்ரோ போகிறது. மெயின் போட் ஜெட்டியிலிருந்து அரசுப் படகும் உண்டு. அப்பா அம்மாவுக்கு வாட்டர் மெட்ரோ வசதி, படகில் ஏறி இறங்கச் சிரமம் இருக்காது.

படகில் போகும்போது தெற்கே வில்லிங்டன் தீவைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்தத் தீவின் பெரும்பகுதி மனிதர்கள் உண்டாக்கியது. கொச்சியின் இயற்கைத் துறைமுகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் வாயில் ஒரு மணல் திட்டு குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்க, சரக்கைப் படகுகளில் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. 1920இல் இங்கே வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி வழி உண்டாக்கினார். 1928 மே மாதம் 'பத்மா' என்ற கப்பல் முதல்முறையாக உள்துறைமுகத்துக்குள் வந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி நிரப்பிய இடம்தான் இந்தத் தீவு. அவரை அனுப்பியவர் அப்போது சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு, அவர் பெயரே தீவுக்கு நிலைத்துவிட்டது.

அந்தத் துறைமுகமே ஒரு வெள்ளத்தில் பிறந்தது என்பார்கள். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் வடக்கே கொடுங்கல்லூர்ப் பக்கத்துத் துறையை மண்ணால் மூடி, கொச்சியின் முகத்துவாரத்தை அகலமாக்கியதாம். வியாபாரம் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. கொடுங்கல்லூர்ப் பக்கம் என்றால், யவனர் பொன்னோடு வந்து மிளகோடு போனதாகச் சங்கப் புலவர்கள் பாடிய அதே முசிறிதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இறங்கியதும் சீன வலைகள். எல்லாப் படங்களிலும் வருவதால் சலித்திருக்கும், ஆனாலும் ஒரு முறை வலையை இறக்கி ஏற்றுவதை நின்று பாருங்கள். தேக்கும் மூங்கிலும் கொண்டு கட்டிய பெரிய கை, அதன் பின்பக்கம் கயிற்றில் தொங்கும் கற்கள் எதிர் எடை. நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால் அவ்வளவு பெரிய வலையும் மேலே வந்துவிடும். பள்ளியில் நெம்புகோல் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சீனர்கள் கொண்டுவந்தார்கள் என்று ஒரு கதை, போர்த்துகீசியர் சீனக் கரையில் தங்கள் வசம் இருந்த மக்காவ் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று இன்னொன்று. இப்போது மீனைவிட சுற்றுலாப் பயணிகளே அதிகம் சிக்குகிறார்கள். "வந்து கயிறு பிடியுங்கள் சார்" என்று கூப்பிட்டால், முடிந்ததும் காசு கேட்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அங்கிருந்து நடந்தே செயின்ட் பிரான்சிஸ் தேவாலயம். ஃபோர்ட் கொச்சியில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். வெளியிலிருந்து சாதாரணமாகத்தான் இருக்கும். 1503இல் மரத்தால் கட்டி, 1516இல் கல்லும் செங்கல்லுமாக எடுத்துக்கட்டியது, அப்போது புனித அந்தோணியார் பெயரில் இருந்தது. வாஸ்கோ ட காமா மூன்றாவது முறையாக, இந்தமுறை வைஸ்ராயாக, இந்தியாவுக்கு வந்து சில மாதங்களிலேயே 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார். அவரை இங்கேதான் புதைத்தார்கள். 1530களின் இறுதியில் எலும்புகளை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டு போய்விட்டார்கள். உள்ளே கம்பி கட்டி வைத்திருப்பது வெறும் கல்லறைக் கல். எல்லோரும் அதைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

நீங்கள் சுவர்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் தரையில் இருந்த கல்லறைக் கற்களை எடுத்து வடக்குச் சுவரில் போர்த்துகீசியருடையதும் தெற்குச் சுவரில் டச்சுக்காரர்களுடையதுமாகப் பதித்திருக்கிறார்கள். கப்பல், கேடயம், மண்டையோடு என்று செதுக்கியிருக்கும். 1663இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தபோது கத்தோலிக்கக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள், இதைத் தங்கள் சபைக்கென்று வைத்துக்கொண்டார்கள். 1751 முதல் 1804 வரையிலான அவர்களுடைய ஞானஸ்நான, திருமணப் பதிவேடும் இந்தத் தேவாலயத்தில் இருக்கிறது. தலைக்குமேல் வரிசையாகத் தொங்கும் துணி விசிறிகள் ஆங்கிலேயர் காலத்துப் பங்கா. வெளியே ஓர் ஆள் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க, உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று வரும். அந்தக் கயிறு சுவரில் எங்கே வெளியே போகிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.

கொஞ்ச தூரத்தில் சாந்தா குரூஸ் பசிலிக்கா. 1505இல் தொடங்கிய பழைய கோயிலை டச்சுக்காரர்கள் இடிக்காமல் ஆயுதக் கிடங்காக்கினார்கள். 1795இல் வந்த ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். பழைய கட்டடத்தின் கருங்கல் தூண் ஒன்று மட்டும் நினைவுச்சின்னமாக நிற்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1905இல் அபிஷேகம் செய்யப்பட்டது, 1984இல் பசிலிக்காவானது. உள்ளே ஓவியங்களை வரைந்த அந்தோனியோ மொஸ்கேனி என்ற இத்தாலிய இயேசு சபைச் சகோதரர் அந்த அபிஷேகத்துக்குச் சில நாட்கள் முன்புதான் கொச்சியில் இறந்துபோனார். மங்களூரில் அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயத்தைப் பார்த்திருந்தால் கை உடனே அடையாளம் தெரியும், அதுவும் அவர் வரைந்ததுதான்.

அருங்காட்சியகங்களில் இந்தோ-போர்த்துகீசிய அருங்காட்சியகம் பிஷப் இல்ல வளாகத்தில் இருக்கிறது. பழைய பலிபீடங்கள், சிலுவைகள், அங்கிகள். கிறிஸ்தவக் கலையில் ஆர்வம் இல்லாதவருக்கு அரை மணி போதும். ஆனால் கீழ்த்தளத்துக்கு இறங்காமல் வராதீர்கள், கோட்டைச் சுவரின் அடித்தளத்தில் ஒரு துண்டு அங்கே தெரிகிறது. நீங்கள் கேட்ட கோட்டை அதுதான்! பாஸ்டியன் பங்களாவும் அப்படியே. டச்சுக்காரர்கள் 1667இல் கோட்டைக் கொத்தளத்தின் மேல் கட்டிய வீடு, இப்போது மாவட்ட மரபு அருங்காட்சியகம். டச்சுக் கல்லறைத் தோட்டம் 1724இல் ஏற்பட்டது, நூற்றுச் சொச்சம் கல்லறைகள், பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு நகரலாம். கடற்படையின் கடல்சார் அருங்காட்சியகம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்கள் வெளியே நிழலில் உட்கார்ந்திருக்கலாம்.

எந்தப் பட்டியலிலும் முதலில் வராத ஓர் இடம் தோபி கானா. டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வண்ணார்களை அழைத்து வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய வழியில் வந்தவர்கள் இன்றும் வெளி என்ற பகுதியில் அந்தத் தொழிலைச் செய்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள், அப்புறம் திறந்த வெளியில் கட்டிய கயிறுகள். கிளிப் கிடையாது, இரண்டு கயிற்றை முறுக்கி அந்த முறுக்குக்குள் துணியின் ஓரத்தைச் செருகிவிடுவார்கள். கஞ்சி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்க்கிறார்கள். இது காட்சிக்கூடம் அல்ல, வேலை நடக்கும் இடம். கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். தமிழில் பேசினால் உங்கள் அம்மாவுக்கு அங்கே அரை மணிப் பேச்சு நிச்சயம். துறைமுகம் யாரால் ஓடியது என்பதற்கு அருங்காட்சியகங்களில் இல்லாத சாட்சி இவர்கள்.

ஞாயிறு மட்டாஞ்சேரி. முதலில் அரண்மனை, திறந்தவுடனே போய்விடுங்கள், மதியம் கூட்டமாகிவிடும். போர்த்துகீசியர் 1555இல் கொச்சி மன்னர் வீர கேரள வர்மாவுக்குக் கட்டிக் கொடுத்தது, ஒரு கோயிலைக் கொள்ளையடித்ததற்குச் சமாதானமாக என்பார்கள். டச்சுக்காரர்கள் பிறகு பழுது பார்த்து விரிவாக்கினார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. தோற்றம் இரண்டு பேருடையதும் இல்லை, நடுவே முற்றம் வைத்த கேரள நாலுகெட்டு, முற்றத்தில் பழயன்னூர் பகவதி கோயில்.

மாடிக்குப் படியேற வேண்டும், அப்பா அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆனால் ஏறுவது வீண் போகாது. பல்லக்குகள், வாள்கள், மன்னர்களின் ஆளுயரப் படங்கள் எல்லாம் எந்த அரண்மனையிலும் இருப்பவைதான், வேகமாகக் கடந்துவிடலாம். நேரம் கொடுக்க வேண்டியது ராஜாவின் பள்ளியறைச் சுவர்களுக்கு. ராமாயணம் முழுவதும் சுவரோவியமாக ஓடுகிறது, மிகப் பழைய பகுதிகள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. காவியும் மஞ்சளும் பச்சையுமாக, இடைவெளி என்பதே இல்லாமல் நெருக்கி வரைந்தவை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் உட்சுற்றின் சோழர் ஓவியங்களை நினைத்துக்கொண்டு பார்த்தால் வேறுபாடு புரியும். அங்கே உருவங்களுக்கு மூச்சுவிட இடம் இருக்கும், இங்கே ஒருவர் தோளில் இன்னொருவர் ஏறி நிற்பார். கீழ்த்தளத்து அறைகளில் கோபியரோடு கிருஷ்ணனும், மோகினியோடு சிவனும் இருக்கிறார்கள், அவை பிற்காலத்தவை. கேமராவை மறந்துவிட்டுக் கண்ணால் பாருங்கள், அதுவே நல்லது.

அங்கிருந்து பொடிநடையில் ஜூ டவுன், தெருக் கோடியில் பரதேசி ஜெப ஆலயம். அரண்மனைக் கோயிலும் இதுவும் ஒரே சுவரைப் பகிர்கின்றன. 1568இல் கட்டியது. 1662இல் போர்த்துகீசியர் சேதப்படுத்த, டச்சுக்காரர்கள் வந்த பிறகு சீராயிற்று. தரை முழுக்க நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள், 18ஆம் நூற்றாண்டில் வந்தவை. கையால் வரைந்ததால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள். வெளியே 1760இல் கட்டிய மணிக்கூண்டில் ஒரு முகத்தில் எபிரேய எண்கள், இன்னொன்றில் ரோமன் எண்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், கையும் காலும் மூடிய உடை நல்லது.

இந்த யூதர்களிடம் இருந்த பெரிய சொத்து ஒரு செப்பேடு. சுமார் 1000ஆம் ஆண்டில் சேர மன்னன் பாஸ்கர ரவி வர்மன் முயிரிக்கோட்டில் (கொடுங்கல்லூர்ப் பக்கம்) இருந்தபோது, யோசேப்பு ரப்பான் என்ற யூத வணிகருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழு உரிமையோடு 72 சிறப்புகளைக் கொடுத்த ஆவணம். பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, தோரணம் என்று பட்டியல் போகிறது, வரிவிலக்கும் உண்டு. எழுத்து வட்டெழுத்து, மொழி அக்காலச் சேர நாட்டு மொழி. நம் கல்வெட்டுகளைப் படித்துப் பழகியவருக்கு அந்நியமாக இருக்காது. மூலத் தகட்டை எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை. கதையை மட்டும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். இஸ்ரேல் உருவானபின் பெரும்பாலானவர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள், மட்டாஞ்சேரியில் இப்போது அந்தச் சமூகம் அநேகமாக இல்லை. தெருவில் இருப்பவை பழம்பொருள் கடைகள். 'பழம்பொருள்' எல்லாம் பழசு என்று நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம்.

மிளகு, ஏலம், சுக்கு வாங்குவதாக இருந்தால் ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடையை விட்டுவிட்டு பஜார் ரோட்டில் நடந்து பாருங்கள். பழைய கிடங்குகளின் வாசனையே வழி காட்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மொத்தக் கடைகள் பல மூடியிருக்கும், அது ஒன்றுதான் உங்கள் கிழமைகளில் உள்ள குறை.

ஞாயிறு மதியத்துக்கு மேல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும். திருப்பூணித்துறை ஹில் பேலஸ் கொச்சி ராஜவம்சத்தின் இருப்பிடம், 1865இல் தொடங்கி 49 கட்டடங்களாக விரிந்தது, கேரளத்தின் மிகப் பெரிய தொல்பொருள் அருங்காட்சியகம். ரத்தினம் பதித்த பொற்கிரீடம் இருக்கிறது. நல்ல படிக்கட்டுகள், பெரிய தோட்டம். தமிழிலும் மறுபடி எடுக்கப்பட்ட ஒரு மலையாளப் பேய்ப் படத்தின் காட்சிகளை எடுத்த இடம் என்று சொன்னால் பிள்ளைகள் ஓடிவருவார்கள். இந்த வம்சத்து ராமவர்மா மன்னர் ஒருவர், ஷோரனூரிலிருந்து கொச்சிக்கு ரயில் கொண்டுவரப் பணம் போதாமல், பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பதினைந்து பொன் நெற்றிப்பட்டங்களில் பதினான்கை விற்றார். 1902இல் ரயில் ஓடியது. நீங்கள் எர்ணாகுளத்துக்கு வரும் ரயில் பாதையில் அந்தப் பொன்னுக்கும் பங்கு உண்டு.

மற்றொன்று தேவராவில் இருக்கும் கேரள நாட்டுப்புற அருங்காட்சியகம். தனியாருடையது. பழைய வீடுகள், கோயில்களின் மரவேலைகளை வாங்கிச் சேர்த்து, மலபார், கொச்சி, திருவிதாங்கூர் என மூன்று பாணிகளில் மூன்று தளங்களாக எழுப்பிய கட்டடம். அதுவே காட்சிப்பொருள். அப்பா அம்மா களைத்திருந்தால் ஹில் பேலஸ் வேண்டாம், மேடும் நடையும் அதிகம், இங்கே போங்கள். பிள்ளைகளுக்குத் தெம்பு மிச்சமிருந்தால் ஹில் பேலஸ், மெட்ரோவில் திருப்பூணித்துறை வரை போய்விடலாம்.

போல்காட்டி அரண்மனையை விட்டுவிடுங்கள். டச்சுக்காரர்கள் 1744இல் கட்டியது என்பது உண்மை, ஆனால் இப்போது ஹோட்டல். சாப்பிடப் போகலாம், பார்க்கப் போக வேண்டியதில்லை.

முசிறிக்கு வருகிறேன். வடக்கு பரவூர், சேந்தமங்கலம் இரண்டு ஊரிலும் பழைய யூத ஜெப ஆலயங்களைச் சீரமைத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் கூட்டத்தில் நெருங்கிப் பார்த்ததை அங்கே நிதானமாகப் பார்க்கலாம், என் ரசனைக்குப் பரவூர்தான் மேல். பக்கத்தில் பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன, முசிறி இதுவாக இருக்கலாம் என்று பலர் கருதக் காரணம் அவைதான். வைப்பின் தீவின் வடமுனையில் பள்ளிப்புறம் கோட்டை இருக்கிறது. போர்த்துகீசியர் கட்டிய சின்ன அறுகோணக் கட்டடம், ஐரோப்பியர் இந்தியாவில் கட்டியவற்றில் இன்னும் நிற்கும் மிகப் பழையவற்றில் ஒன்று. கோட்டை பார்த்தே தீர வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கைகொடுப்பது அதுதான். இதையெல்லாம் ஞாயிறோடு சேர்த்துத் திணிக்க முடியாது, தனியாக ஒரு நாள் வேண்டும். திங்கள் கல்யாணம் முடிந்த கையோடு போகலாம் என்று நினைக்காதீர்கள், பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. ரயில் டிக்கெட்டைச் செவ்வாய் இரவுக்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள்.